தாமிரத்தை இரண்டு கையாலும் இழுக்க வேண்டும்

ஜனவரி 20, திங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடந்துவிடவில்லை. பூச்சந்தையில் அப்பா எடை போடும் கமிஷன் கடையில் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி இது. வீட்டில் யாரும் தொடவில்லை. நல்ல தாள், வீணாகப் போகிறதே என்று எடுத்துக்கொண்டேன். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. தாளிடமாக இருக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பகலில் நான் பேசுவது மிகக் குறைவு. சொல்லாமல் விட்டதெல்லாம் சாயந்தரம் பஸ்ஸில் வீடு இருக்கும் பனவடலிசத்திரம் வரைக்கும் கூடவே வருகிறது.

வேலை பார்ப்பது சங்கரன்கோவிலில், ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில். திட்ட உதவியாளர் என்று பெயர். அம்மா அக்கம்பக்கத்தில் சொல்வது, "கண்ணாடி மாட்டி விடுத வேலை." நான் கண் டாக்டரிடம் இருப்பதாகப் பாதித் தெரு நினைத்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் ஒரு பெரியம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள்: "ஏட்டி, ஊசியில நூலு கோக்க முடியல. எனக்கும் ஒரு நல்ல கண்ணாடியாப் பாத்துக் கொண்டாயேன்."

அம்மா சொல்வது முழுக்கத் தப்பும் இல்லை. எங்கள் துறையில் ஆறு வி.ஆர். கண்ணாடிகள் இருக்கின்றன. மாட்டிக்கொண்டால் அறை மறைந்துவிடும். ஒரு தாமிரத் துண்டுக்குள்ளே நிற்போம். சுற்றிலும் அணுக்கள், பூசணிக்காய் அளவில், வரிசை வரிசையாக. துறைத்தலைவர் சங்கரலிங்கம் சார் இரண்டு மூன்று வருடம் அலைந்து இதற்கு நிதி வாங்கினார். உள்ளே தெரியும் பாடத்தைக் கணினியில் செய்தது நான். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மெட்டீரியல்ஸ் சயின்ஸ் என்று ஒரு தாள் இருக்கிறது, அதற்காக.

வெள்ளிக்கிழமை முதல் வகுப்பு. சார் பேசுவார். நான் மாட்டி விடுவேன்.

ஜனவரி 22, புதன்

பாடத்தைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தேன். ஆய்வகக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான். கண்ணை மறைத்துக்கொண்டு காற்றில் கையை நீட்டி நீட்டி நிற்பதை யாராவது பார்த்தால் எனக்கு உயிரே போய்விடும்.

பாடம் இதுதான்: உலோகம் ஏன் வளைகிறது? கல்யாண வீட்டில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை ஒரே இழுப்பில் நகர்த்த நாலு பேர் வேண்டும். நடுவில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டால், அந்த மடிப்பைக் காலால் தள்ளித் தள்ளியே ஒருத்தி நகர்த்திவிடலாம். உலோகமும் அப்படித்தான். மொத்த அணுக்களும் ஒன்றாக நகர்வதில்லை. அடுக்கில் எங்கோ ஒரு அரைகுறை வரிசை செருகிக்கொண்டு நிற்கிறது. டிஸ்லொகேஷன் என்று பெயர். இழுக்கும்போது அந்தக் குறைதான் ஒவ்வொரு வரிசையாகத் தாண்டித் தாண்டி ஓடுகிறது. குறை இருப்பதால்தான் உலோகம் உடையாமல் வளைகிறது. படிக்கும் காலத்தில் இதைப் படமாகப் பார்த்து மனப்பாடம் செய்தேன். புரிந்தது வெகு நாள் கழித்து.

இப்போது யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு கையிலும் இரண்டு கைப்பிடி. தாமிரத்தின் இரண்டு முனைகளையும் பற்றி இழுத்தால் குறை ஓடுவது கண்ணெதிரே தெரியும். இன்று நான் இழுத்தேன். ஓடியது. தனியாக நின்று சிரித்துக்கொண்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

முதல் வகுப்பு முடிந்தது. சார் ஆரம்பத்திலேயே, "கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குத பயலுவளுக்கு இது ஒன்னுதான்டே மருந்து" என்றார். பையன்கள் முண்டியடித்து மாட்டிக்கொண்டார்கள். ஒருவன் முழங்கை இன்னொருவன் மூக்கில் பட்டது.

பெண்களில் முதலில் எழுந்து வந்தவள் முத்துத்தாய். மேலநீலிதநல்லூரிலிருந்து வருகிற பெண். தலையில் பிச்சிப்பூ. கண்ணாடியின் பட்டை பூவை நசுக்கிவிடுமே என்று நான் தயங்கினேன். "பூ போனாப் போட்டும் மேடம்" என்று அவளே கழற்றி மேசையில் வைத்தாள். இரண்டு கையையும் அகல விரித்து இழுத்தாள். பின்னால் ஒரு குரல்: "ஏலே, முத்துத்தாய்க்குச் சாமி வந்துட்டுலே! எலுமிச்சம்பழம் கொண்டாங்கலே, குறி கேப்போம்!" வகுப்பே சிரித்தது. சார் அப்போது போனில் பேச வெளியே போயிருந்தார். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முத்துத்தாய்க்கு அது காதில் விழவில்லை. கழற்றியபோது முகமெல்லாம் வேர்வை. "மேடம், உள்ள அது ஓடுது மேடம்!" என்றாள். அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தாள்.

ஜனவரி 28, செவ்வாய்

மற்றப் பெண்களுக்கு இன்றும் நேற்றும். முத்துத்தாய் வரவில்லை. காய்ச்சலாம்.

ஒருத்தி கண்ணாடி மாட்டிக்கொண்டால் இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடது கையைப் பிடித்துக்கொள்கிறாள். அடுத்து முறை மாற்றிக்கொள்கிறார்கள். இடது கைப்பிடி மணிக்கட்டில் கயிற்றோடு தொங்குகிறது. திரையை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், அழகாக இருந்தது. எனக்குக் கல்லூரியில் அப்படி ஒரு தோழி இருந்ததில்லை.

"பாத்தியளாம்மா?" என்று சார் கேட்டார். "பாத்தோம் சார்." "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்." எல்லாரும் ஒரே குரலில்.

பிப்ரவரி 3, திங்கள்

தேர்வு வைத்தோம். நாலே கேள்வி.

பிப்ரவரி 6, வியாழன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

பையன்கள் நன்றாக எழுதியிருக்கிறார்கள். பெண்கள் மோசம். கொஞ்சம் நஞ்சமல்ல; கண்ணாடி இல்லாமல் கரும்பலகையில் படித்த போன வருடப் பெண்களைவிட மோசம். வழக்கமாக எங்கள் துறையில் முதல் ஐந்து இடமும் பெண்களுக்குத்தான்.

சார் கோபப்படவில்லை. அவருக்கு இது ஒரு கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. "இசக்கிசெல்வி, இப்படி ஒரு வித்தியாசம் வரும்னு நான் எதிர்பாக்கவே இல்லம்மா. நம்பர் பொய் சொல்லாது" என்றார். நாளை அனுப்ப வேண்டிய இடைக்கால அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார். என்னையே அடிக்கச் சொன்னார். அடித்தேன்.

'மாணவிகளிடம் முப்பரிமாணக் கற்பனைத் திறன் குறைவாகக் காணப்படுகிறது. எனவே அடுத்த ஆண்டு முதல் அவர்களுக்குப் படங்கள் வழியான பாடமே போதுமானது.'

அதாவது அடுத்த வருடம் முதல் கண்ணாடி பையன்களுக்கு மட்டும். பெண்கள் பக்கத்து அறையில் படம் பார்க்க வேண்டும். அறிக்கை நிதி கொடுத்தவர்களுக்குப் போகிறது. இதே கண்ணாடி வாங்கப்போகிற மற்றக் கல்லூரிகளுக்கும் நகல் போகிறது.

அடித்து முடித்து, "சார்" என்றேன். நிமிர்ந்தார். "ஒன்னுமில்ல சார்."

பிப்ரவரி 7, வெள்ளி

அறிக்கை போயிட்டு. காலையிலேயே அனுப்பிட்டாங்க.

கற்பனைத் திறன் இல்லையா எங்களுக்கு? அந்தத் தாமிரத்த அணு அணுவா அடுக்குனது யாரு? எந்த வரிசை எங்கன நழுவும்னு மாசக்கணக்கா மண்டைக்குள்ள சுத்திச் சுத்திப் பாத்தது யாரு? சாருக்கு அது ஞாபகமே வரலையே. நாந்தான் வாயத் தொறந்து சொல்லிருக்கணும். 'நானும் பொம்பளப்பிள்ளதான சார்'னு ஒரு வார்த்த. வரலையே.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தேன். அம்மா கேட்டாள், "என்னட்டி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" "வெயில்மா."

பிப்ரவரி 10, திங்கள்

மாதாந்திர மின்தடை. கண்ணாடிகளும் நானும் சும்மா இருந்தோம். விடைத்தாள்களை ஜன்னலோரம் கொண்டுபோய் முதலிலிருந்து படித்தேன்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. 'இழுக்கும்போது அணுக்கள் எப்படி நகர்கின்றன?' என்ற கேள்விக்கு ஒருத்தியைத் தவிரப் பெண்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள்: 'அனைத்து அணுக்களும் ஒன்றாக நகர்கின்றன.' சார் அன்றைக்கே, "ஒருத்தியப் பாத்து ஒருத்தி எழுதிருப்பா" என்றார். ஆனால் பார்த்து எழுதியது போல இல்லை. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதிரி சொல்லியிருக்கிறாள். அபிஷா எழுதியது: 'மொத்தத் தாமிரமும் கையோடு வந்தது.' இன்னொருத்தி: 'பின்னாலேயே வருகிறது.'

படிக்காமல் குத்துமதிப்பாக எழுதுகிறவள் இப்படி எழுதமாட்டாள். கண்ணால் பார்த்தவள்தான் இப்படி எழுதுவாள். எதைப் பார்த்தார்கள்?

சரியாக எழுதிய ஒரே பெண் முத்துத்தாய். தேர்வுக்கு மட்டும் வந்தாள். ஆய்வகப் பக்கம் முதல் வகுப்புக்குப் பிறகு வரவே இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், விடுமுறை. வீட்டில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். அம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கச் சொல்லி ஒரு கை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்தேன். "குடத்தப் பிடிக்கச் சொன்னா கையப் பிடிக்க!" என்று கத்தினாள்.

கையைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

நாளை காலையில் முதல் வேலை.

பிப்ரவரி 12, புதன்

கதவைத் தாழிட்டேன். மாட்டிக்கொண்டேன். இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் தாமிரத்தை இழுத்தேன்.

நீளவில்லை. குறை ஓடவில்லை. கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி மொத்தத் தாமிரமும் என் கைக்குப் பின்னாலேயே வந்தது. எல்லா அணுக்களும் ஒன்றாக.

அவர்கள் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள்!

இடது கை தோழியிடம் இருந்தது. ஒரு கையால் இழுத்தார்கள். பாடமே நடக்கவில்லை. 'புரிஞ்சுதா' என்று கேட்டால் எங்கள் ஊரில் எந்தப் பெண் 'இல்லை' என்று சொல்வாள்? நானும் சொன்னதில்லை. பாடத்தைச் செய்தபோது எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்பதும் தெரிந்துவிட்டது: நான் சோதித்ததெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டு. என் இரண்டு கையும் என்னிடமே இருந்தன.

பிப்ரவரி 13, வியாழன்

அபிஷாவை மத்தியானம் தனியாகக் கூப்பிட்டேன். "ஏம்மா, உள்ள போகும்போது கையப் பிடிச்சுக்கிட்டியளே. பயமா?"

"உள்ள என்ன மேடம் பயம்? வெளியதான்."

பிறகு தன் போனை எடுத்துக் காட்டினாள். முத்துத்தாய் கண்ணாடியோடு நின்று கையை விரித்து இழுக்கிறாள். பின்னணியில் உடுக்கைச் சத்தம் சேர்த்திருந்தார்கள். கீழே 'அருள்வாக்கு, வெள்ளி செவ்வாய் மட்டும்.' எடுத்துப் போட்டவன் பிரின்ஸ். அந்த வெள்ளிக்கிழமை சாயந்தரமே வகுப்பு முழுக்கப் பார்த்துவிட்டது. அவள் ஊர்ப் பையன்களும் பார்த்துவிட்டார்கள். அவளுக்குக் காய்ச்சல் ஒன்றுமில்லை.

"கண்ணாடி போட்டா யாரு பக்கத்துல வாரா, யாரு போனத் தூக்குதான்னு ஒன்னும் தெரியாதுல்லா மேடம்? அதான் ஒருத்தி காவல். எவனாச்சும் போன எடுத்தா கைய ஒரு அமுக்கு அமுக்குவா. ஒடனே கழட்டிருவோம்."

"சார்ட்ட சொல்லலாம்லா?"

அபிஷா என்னைப் பார்த்தாள். "நீங்களும் அன்னிக்கு அங்கனதான நின்னீங்க மேடம்."

ஆமாம். அங்கேதான் நின்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சாரிடம் சொன்னேன். நேற்று சாயந்தரமே மனதுக்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்திருந்தும் முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. கை, தோழி, கன்றுக்குட்டி. வீடியோவைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. "அந்தப் பயல நான் பாத்துக்கிடுதேன்" என்று எழுந்தார். "இல்ல சார், நானே கேக்கேன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மற்றதை அவர் அவ்வளவு எளிதில் ஏற்கவில்லை. "இப்ப அதே பிள்ளைகளத் திரும்ப உள்ள விட்டா நல்லாத்தான் எழுதும். ரெண்டாம் தடவ யாரு செஞ்சாலும் நல்லா வரும். அது நிரூபணம் இல்லம்மா." சொன்னது நியாயம். அதுதான் வலித்தது. "இதுவர பாக்காத பிள்ளைக யாரு இருக்கா? எம்.எஸ்ஸி. முதல் வருசம். எல்லாம் வேற காலேஜ்லருந்து வந்தவங்க, இந்தத் தாளே படிச்சதில்ல. அவங்கள வச்சுக் காட்டு. மார்ச்சுல இறுதி அறிக்கை. அதுக்குள்ள காட்டுனா அந்த வரிய யோசிப்போம்."

யோசிப்போம் என்றார். போதும்.

பிப்ரவரி 17, திங்கள்

பிரின்ஸை ஆய்வகத்துக்கு வரச்சொன்னேன். அறையில் செல்லப்பா அண்ணாச்சி மட்டும் ஸ்டூல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆய்வக உதவியாளர்.

"அந்த வீடியோவ எடுத்துரு."

"மேடம், சும்மா காமெடிக்குப் போட்டது மேடம். அவளே சிரிச்சா."

"சரி. கண்ணாடிய மாட்டு."

குழம்பினான். மாட்டிக்கொண்டான். "ரெண்டு கையையும் விரிச்சு இழு" என்றேன். இழுத்தான். நான் மேசையிலிருந்து என் போனை எடுத்து, அவன் காதுக்குக் கேட்கும்படி மறுபடி வைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை, பேசவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவன் கைகள் மெதுவாகக் கீழே வந்தன. சட்டையைச் சரிசெய்துகொண்டான். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"மேடம்? எடுக்கியளா?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"மேடம்! அண்ணாச்சி, மேடம் எடுக்காங்களா?"

"எனக்கு என்னடே தெரியும்? நான் ஸ்டூலத் தொடைக்கேன்" என்றார் அண்ணாச்சி.

கண்ணாடியைப் பிடுங்கிக் கழற்றினான். முகம் சிவந்திருந்தது. "எடுத்தியளா மேடம்?"

"இல்ல. ஆனா ஒனக்கு அது தெரியலல்லா?"

அங்கேயே நின்று அழித்தான். யார் யாருக்கு அனுப்பினானோ அவர்களையும் அழிக்கச் சொல்லி என் முன்னாலேயே குரல் பதிவு போட்டான். எல்லாரும் அழிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. போகும்போது, "முத்துத்தாய்ட்ட நான் பேசணுமா மேடம்?" என்று கேட்டான். "அவகிட்ட கேட்டுட்டுப் பேசு" என்றேன்.

அவன் போன பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "நல்லாருக்கும்மா ஒங்க வைத்தியம்" என்றார் அண்ணாச்சி.

பிப்ரவரி 20, வியாழன்

கதவை மூடலாம். போன்களை வாங்கி வைக்கலாம். ஆனாலும் பெண்கள் கையை விடமாட்டேன் என்கிறார்கள். அபிஷாவும் இன்னும் மூன்று பேரும் முயற்சி செய்து பார்க்க வந்தார்கள். கண்ணாடி மாட்டியதுமே கை தானாகத் தோழியைத் தேடிப் போகிறது. விடச் சொன்னேன். விட்டார்கள், ஆனால் கல் மாதிரி விறைத்து நின்றார்கள்.

"தோளத் தொட்டுக்கிட்டு நின்னா?" என்றேன். அபிஷா, "கூசுது மேடம்" என்று நெளிந்தாள்.

அப்போது வாசலில் முத்துத்தாய். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. நேரே உள்ளே வந்தாள். இரண்டு ஸ்டூலைப் பின்னுக்குப் பின்னாக ஒட்டிப் போட்டாள். "ஏட்டி அபிஷா, அங்கிட்டுத் திரும்பி உக்காரு. நான் இங்கிட்டு." முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தார்கள். முத்துத்தாய் கண்ணாடி மாட்டினாள். அபிஷா வெறும் கண்ணோடு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவனாச்சும் வந்தா என்ன செய்வ?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

"முதுகால ஒரு இடி இடிப்பேன்" என்றாள் அபிஷா.

"மெதுவா இடிட்டி, போன தடவ மூஞ்சில சாமி வந்துச்சு, இந்தத் தடவ முதுகுல வந்துரப் போவுது" என்றாள் முத்துத்தாய், கண்ணாடிக்குள்ளிருந்து. எல்லாரும் சிரித்தோம். அவளேதான் முதலில் சிரித்தாள்.

இரண்டு கையும் விரிந்தன. திரையில் குறை ஓடுவதைப் பார்த்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாளை சிவராத்திரி, பாதிப் பேர் குலதெய்வக் கோயிலுக்குப் போய்விடுவார்கள். அதனால் எம்.எஸ்ஸி. முதல் வருடத்துக்கு இன்றே நடத்திவிட்டோம். இவர்கள் யாரும் கண்ணாடியைத் தொட்டதே இல்லை.

பெண்கள் முதுகோடு முதுகாக. அதற்கு மேல் ஒன்று செய்ய வேண்டும் என்று சனிக்கிழமையே முடிவு செய்து சாரிடம் அனுமதி வாங்கியிருந்தேன்: பையன்களின் இடது கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று அவர்களிடம் சொல்லக்கூடாது. பிடிக்கும் வேலை செல்லப்பா அண்ணாச்சிக்கு.

"அண்ணாச்சி, கைய விடும், வேர்க்கு" என்று முகம்மது ஆரிப் கெஞ்சினான்.

"மேடம் உத்தரவுடே. நான் மட்டும் ஆசப்பட்டா பிடிச்சுக்கிட்டு இருக்கேன்?"

"வெளிய சொல்லிராதீரும் அண்ணாச்சி. எனக்குப் பொண்ணு பாக்காங்க."

சார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

தேர்வு. திருத்துவதை நான் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெயரை மறைத்துச் சாரிடமே கொடுத்தேன்.

மார்ச் 3, திங்கள்

சார் கூப்பிட்டார். மேசையில் விடைத்தாள்கள் இரண்டு கட்டாக இருந்தன.

"இந்தக் கட்டு எல்லாம் சரி. ஒவ்வொரு வரிசையா நகருதுன்னு எழுதிருக்கு. இது பூராம் தப்பு. 'எல்லாம் ஒன்றாக நகர்கின்றன.' நான் தப்பு எழுதுனது பொம்பளப்பிள்ளைகதான்னு நெனச்சேன்." மறைத்திருந்த ஒட்டுத்தாளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். தப்புக் கட்டில் முகம்மது ஆரிப். கண்ணன். மாரிச்செல்வம். பையன்கள் அத்தனை பேரும்.

இரண்டு கட்டையும் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "இந்தப் பயலுவளுக்கு ரெண்டு கையும் குடுத்துத் திரும்ப நடத்திரும்மா. பாவம், பரிட்சைல தாமிரம் பின்னாலயே வருதுன்னு எழுதி வச்சுரப் போறானுவ" என்றார்.

மார்ச் 5, புதன்

திரும்ப நடத்தினோம். நடத்தினோம் என்ன, நடத்தினேன். சார் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். ஜமுக்காளத்தைச் சொன்னபோது குரல் ஒரு இடத்தில் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். கடைசியில், "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை. "என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். இனி எப்போதும் அப்படித்தான் கேட்பேன்.

மார்ச் 10, திங்கள்

அப்பா சாப்பிடும்போது கேட்டார், "ஏம்மா, அங்கன ஏதோ பிரச்சினன்னு ஒங்கம்மா சொல்லுதா. வேலைக்கு ஏதும் ஆபத்தா?" இல்லையென்றேன். பிறகு முழுவதையும் சொன்னேன். தாமிரம், கை, அறிக்கை. அவருக்கு எவ்வளவு விளங்கியதோ. "நீ பாத்தத நீதான சொல்லணும்" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றச் சொன்னார்.

மார்ச் 14, வெள்ளி

இறுதி அறிக்கை சாயந்தரம் போய்விட்டது, முதல் அறிக்கை போன எல்லா இடத்துக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. அதைச் சார் சொல்லச் சொல்ல நான் அடிக்கவில்லை. நானே எழுதினேன், அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு இடத்தில், "இவ்வளவு கடுமையா வேணுமாம்மா?" என்றார். நான் விரலை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். "சரி, இருக்கட்டும்" என்றார். கீழே அவர் கையெழுத்து.

காலையில் நடந்ததை எழுதிவிடுகிறேன். அதற்குத்தான் இன்று டைரியைத் திறந்தது.

துறை அறையில் இன்னும் இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். சார் திரையை என் பக்கம் திருப்பினார். "பாத்துக்க. அந்த வரி இல்ல. எடுத்துட்டேன். திருப்தியா?"

படித்துப் பார்த்தேன். இல்லைதான். அந்த வரி இருந்த சுவடே இல்லை. பெண்கள் நன்றாக எழுதியதாக ஒரு அட்டவணை, அவ்வளவுதான். "திருப்தி சார்" என்றேன். நிஜமாகவே திருப்தியாகத்தான் இருந்தது. வாசல் வரை வந்துவிட்டேன்.

எதிரே ஆய்வகம் திறந்திருந்தது. செல்லப்பா அண்ணாச்சி யாரும் சொல்லாமலே ஸ்டூல்களை இரண்டிரண்டாக, பின்னுக்குப் பின்னாக ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். இங்கே சரியாகிவிட்டது. பிப்ரவரியில் அனுப்பினோமே, அது எத்தனை கல்லூரிக்குப் போயிருக்கும்? அங்கே யாராவது அதைப் படித்துவிட்டுப் பெண்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பியிருப்பார்களா? இந்தப் புது அறிக்கையைப் பார்த்தால் அவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு வரி காணாமல் போனது யார் கண்ணில் படும்?

ஒரு பேராசிரியரிடம் போய், அதுவும் மற்றவர்கள் இருக்கும்போது, இதை எப்படிக் கேட்பது? எனக்கு வேலை கொடுத்தவர். கெட்டவர் இல்லை. மறுத்திருக்கலாம், மறுக்காமல் எடுத்தவர். அதற்கு மேலும் கேட்பது பேராசை இல்லையா? இந்த யோசனையெல்லாம் வாசலில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில்.

திரும்பினேன். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் என்னம்மா?"

மற்ற இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் நாற்காலிகூட இல்லை. இப்படித்தான் கேட்டேன், ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறேன்:

"சார், அந்த வரிய எடுத்தா மட்டும் போதாது சார். மொதல்ல அனுப்புனது தவறுன்னு எழுதணும். பிள்ளைகளுக்குப் புரியாம இல்ல, பயந்துக்கிட்டு ஒரு கையால இழுத்தாங்க, அத நாம பாக்காமப் போயிட்டோம்னு எழுதணும். மொத அறிக்கை எங்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம் இதையும் அனுப்பணும். செய்வியளா சார்?"